தண்ணியம்மாவுக்கு உடம்பு சரியில்லை

பனைக்காரருக்குப் பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தத் தெருவே சிரித்திருக்கும். ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர். யார் வீட்டு வாசலில் புது வண்டி வந்து நின்றாலும் போய்த் தட்டிக் கொடுத்துப் பாராட்டிவிட்டு வருவார். சாலைக்கு எதிர்ப்பக்கம் இன்னொருவன் செடிக்கடை போட்டபோது, முதல் ஆளாகப் போய் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அப்படிப்பட்டவருக்குப் பொறாமை வந்தது. அதுவும் வெளியாள் மேல் இல்லை, கட்டின பெண்டாட்டியின் மேல்.

அவர்களுடைய நாற்றுப்பண்ணையின் முன்பக்கம் முழுக்க அவருடைய ராஜ்ஜியம். கமுகு, விசிறி விசிறியாக இலை விரிக்கும் பனை வகைகள், குட்டை வாழை, நெட்டை வாழை, சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் கல்வாழை, வேலியோரம் மூங்கில், மூலையில் முள்ளும் தானுமாகத் தாழை. எல்லாம் நிமிர்ந்து நிற்கிற சாதி. தொட்டியைச் சாய்த்துத் தட்டி, சுருண்ட வேரைக் கத்தியால் வகிர்ந்து, அடுத்த அளவுத் தொட்டிக்கு மாற்றி, இரு கையாலும் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக் கொண்டுபோய் வைப்பார். தோள்பட்டை முழுக்கச் செம்மண்ணாக இருக்கும்.

பின்பக்கம் மனைவியுடையது. அது ஆரம்பித்த கதையே வேடிக்கை. துணி துவைக்கிற சிமெண்ட் தொட்டி விரிசல் விட்டது. தூக்கிப் போடலாம் என்றார் இவர். அவள் விரிசலை அடைத்து, சேற்றை நிரப்பி, வாய்க்கால் ஓரத்திலிருந்து ஒரு பிடி சம்பும் ஒரு பிடி கோரையும் பிடுங்கி வந்து நட்டாள்.

"களையைப் பிடுங்கிப் போடறவங்களைப் பார்த்திருக்கேன். கொண்டாந்து நடறவளை இப்பத்தான் பார்க்கறேன்" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்லா இருக்குங்க. பாருங்க, குச்சி குச்சியா, எவ்வளவு நேரா!"

அப்போது ஒரு தொட்டி. பிறகு வசம்பு வந்தது. மிதக்கிற ஆகாயத்தாமரை வந்தது. அம்பு முனை மாதிரி இலை விடுகிற ஒன்று, தண்ணீருக்கடியிலேயே ரிப்பன் ரிப்பனாக நீண்டு ஆடுகிற புல் ஒன்று, கடுகைக் கொட்டியதுபோல மேலெல்லாம் பச்சையாகப் பரவுகிற ஒன்று, காது பெருத்த சேம்பு. தொட்டிகள் பெருகிப் பின்சுவரைத் தொட்டன. இடுப்பளவு ஆழத்தில் ஒரு குளமும் வெட்டியாயிற்று, வெட்டிக் கொடுத்தவர் இவர்தான். வருகிறவர்கள் அவளைத் தண்ணியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"தண்ணியம்மாவாம்! யாராவது தப்பா நெனைச்சு பாட்டிலோட வந்து நிக்கப் போறாங்க" என்று அதற்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு நூல் பிரிந்திருந்தது அவருக்கே தெரியவில்லை.

தெரிந்தது ஒரு நாள் காலையில். வண்டியிலிருந்து இறங்கிய தம்பதி, அவர் நாலு வருஷமாக வளர்த்த விசிறிப் பனையின் இலையை வழிமறிக்கிற திரைச்சீலையை விலக்குவதுபோல விலக்கிக்கொண்டு, நேரே பின்பக்கம் போனார்கள். திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அவர் அந்த இலையைப் பிடித்து நேராக்கிவிட்டுச் சற்று நேரம் அப்படியே நின்றார். நெஞ்சில் எங்கேயோ புளித்தது. காலையில் குடித்த டீயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கல்லூரியில் செடிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிற ஆசிரியர் ஒருவர் உண்டு. கனத்த கண்ணாடி போட்டிருப்பார். கண்ணாடி சார் என்றுதான் இவர்கள் வீட்டில் பெயர். அவர் ஒருமுறை மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். பனைக்காரருக்குச் சந்தோஷம். கமுகின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கண்ணாடி சாரும் அங்கேதான் ஆரம்பித்தார்.

"விதை முளைக்கும்போது முதல்ல ஒரே ஒரு இலைதான் வரும். அந்தச் சாதி இது. இலை நரம்பு நூல் பிடிச்ச மாதிரி பக்கத்துல பக்கத்துல ஓடும். பூவை எண்ணினா மூணு, இல்ல ஆறு. பனை, வாழை, மூங்கில், இஞ்சி, புல் எல்லாம் ஒரே கூட்டம். இந்தக் கூட்டத்துல பாதி வேடிக்கை தண்ணிக்குள்ள இருக்கு. வாங்க."

போய்விட்டார்கள். பனைக்காரரும் பின்னாலேயே போனார். தொட்டியைச் சுற்றி மாணவர்கள் மண்டியிட்டிருந்தார்கள். கண்ணாடி சார் விரல் நுனியில் அந்தக் கடுகுப் பச்சையைத் தொட்டெடுத்துக் காட்டினார்.

"இதுவும் அதே கூட்டம்தான். முன்னாடி பார்த்தீங்களே பனை, அதுக்கு இது சொந்தக்காரன். இதுவும் பூக்கும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

"அப்ப தாமரை சார்?"

"தாமரை, அல்லி ரெண்டும் இந்தக் கூட்டமே இல்ல. தண்ணில இருந்தா எல்லாம் ஒண்ணாயிடுமா? சேம்பு நரம்பைப் பார்த்தா இல்லைன்னு தோணும், ஆனா அது இதே கூட்டம். சரி, மீதியை அக்காவே சொல்லட்டும்."

தண்ணியம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ரிப்பன் புல்லைக் காட்டினாள். "இதுல ஆம்பிளைப் பூ அடியில இருக்கும். சின்னது. நேரம் வந்தா அறுத்துக்கிட்டு மேல வந்து மிதக்கும். பொம்பளைப் பூ நீளமா காம்பு விட்டு மேல வந்து சும்மா காத்துக்கிட்டு இருக்கும். இதுங்கதான் மிதந்து மிதந்து போய்ச் சேரணும். வேலை முடிஞ்சதும் அவ காம்பைச் சுருட்டிக்கிட்டு உள்ள போயிடுவா."

"இவனுங்க?" என்றான் ஒருவன்.

"இவனுங்க மிதப்பானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ ஒரு பெண் தற்செயலாகத் திரும்பிப் பனைக்காரரைப் பார்த்தாள். அவளுடைய சிரிப்பு அவர் மேல் விழுந்தது. பனைக்குச் சொந்தக்காரன் பாசி, புருஷனோ மிதக்கிறவன். அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு கண்ணாடி சார் அடிக்கடி வந்தார். பனைக்காரருக்கு ஒரு வகையில் அது வசதியாகப் போயிற்று. மனைவியிடம் இன்னொரு ஆண் சிரித்துச் சிரித்துப் பேசினால் புருஷனுக்கு எரிவது உலக வழக்கம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தனக்கு எரிவது அதனால்தான் என்று வைத்துக்கொண்டார். ஆனால் சார் வராத நாட்களிலும் எரிந்தது. மனைவி தன்னந்தனியாகச் சேற்றில் நின்று, கோரைக் கிழங்கைப் பிரித்துப் பிரித்து நட்டுக்கொண்டு, தனக்குள் ஏதோ பேசிச் சிரிக்கும்போது இன்னும் அதிகமாக எரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மகளோடு கண் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தாள். கைபேசியைத் தொட்டி விளிம்பிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாள். அது அடித்தது. இவர் எடுத்தார்.

"அண்ணே, நல்ல சேதி" என்றார் கண்ணாடி சார். "கல்லூரியில கண்ணாடிக் கூண்டு ஒண்ணு கட்டியிருக்கோம்ல, அதுக்குள்ள குளம் வருது. ஒற்றை இலைக் கூட்டத்துக்கு மட்டுமே ஒரு குளம். முழுசா அக்கா கையால நடணும். பக்கத்துலயே அறை இருக்கு, ஒரு மாசம் தங்கி அவங்க இஷ்டத்துக்குச் செய்யட்டும். கரையோரத்துக்கு உங்க கமுகு, வாழை கூட எடுத்துக்கலாம்."

அந்தக் 'கூட' என்ற சொல் அவர் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"அவளுக்கு உடம்பு சரியில்லைங்க" என்றார்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

"ஐயோ! என்ன ஆச்சு?"

"இடுப்பு. தண்ணில இறங்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"எவ்வளவு நாளைக்கு?"

"அது... சொல்ல முடியாதுன்னாரு."

கைபேசியைத் தொட்டி விளிம்பில் இருந்த இடத்திலேயே வைத்தார். கைநிறைய கமுகு வியாபாரத்தையும் சேர்த்துத் தண்ணீரில் விட்டாகிவிட்டது. ஆனாலும் அன்று சாயந்திரம் வரைக்கும் நெஞ்சு லேசாக, குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. மனைவி திரும்பி வந்து, "யாராவது கூப்பிட்டாங்களா?" என்று கேட்டபோது, "இல்லையே" என்றார். அப்போது அந்த லேசு போய்விட்டது.

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் நல்ல ஏறுமுகம். குளத்தில் ஆகாயத்தாமரை மண்டிப் போயிருந்தது. தண்ணியம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று கொத்துக் கொத்தாகப் பிடுங்கிக் கரையில் எறிந்துகொண்டிருந்தாள். பனைக்காரர் முன்னால் ஒரு தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிய சமயம், கண்ணாடி சார் வாசலில் வந்து நின்றார். கூடவே அவர் மனைவி. அந்த அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். கையில் ஆரஞ்சுப் பழமும் ரொட்டிப் பொட்டலமும்.

"அக்கா எங்கண்ணே? பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றார் நர்ஸம்மா.

பனைக்காரர் வாயைத் திறப்பதற்குள் இருவரும் பின்பக்கம் போய்விட்டார்கள். தொட்டியை இறக்கி வைக்கவும் தோன்றாமல், அதைக் கட்டிப்பிடித்தபடியே இவரும் ஓடினார்.

"அக்கா! என்னக்கா இது! தண்ணிக்குள்ளயா நிக்கறீங்க?"

தண்ணியம்மா நிமிர்ந்தாள். கையில் வேர் தொங்க ஒரு கொத்து. "வாங்க வாங்க. ஏன், எங்க நிக்கணும்?"

"இறங்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராமே? அண்ணன் சொன்னாரு, இடுப்பு ரொம்ப மோசம், கல்லூரிக் குளத்து வேலைக்கு வரவே முடியாதுன்னு."

அவள் கணவனைப் பார்த்தாள். பனை இலைகளுக்கு நடுவே அவர் முகம் தெரிந்தது. இவ்வளவு உயரமான மனிதரை அவ்வளவு சின்னதாக அவள் பார்த்ததில்லை. வேரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"சொன்னாருதான்" என்றாள். "நான்தான் கேக்கல."

"எந்த டாக்டரைப் பார்த்தீங்க?"

"எங்க குடும்ப டாக்டர்தான். நல்ல உசரமான ஆளு."

நர்ஸம்மா விடவில்லை. கரையேற்றி, வீட்டுக்குள் கூட்டிப் போய்க் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து, முதுகெலும்பை விரலால் அழுத்திக்கொண்டே வந்தார்.

"இங்க வலிக்குதா?"

"இல்ல."

"இங்க?"

"இன்னும் கொஞ்சம் உள்ள."

கதவோரம் நின்ற பனைக்காரருக்குக் காதெல்லாம் சூடேறியது.

கண்ணாடி சார் தயங்கித் தயங்கிச் சொன்னார். "வருத்தமாத்தான் இருக்குக்கா. ஒரு மாசம் அங்கயே தங்கி, முழுக் குளத்தையும் உங்க இஷ்டத்துக்குச் செய்யட்டும்னு இருந்தேன். திறப்பு விழாத் தேதி குறிச்சாச்சு, காத்திருக்க முடியல. உங்க எதிர்க்கடைக்காரர்கிட்ட கொடுத்துட்டோம். நேத்துதான் நட ஆரம்பிச்சாரு."

"பரவால்ல சார்" என்றாள் தலையணைக்குள் முகத்தை வைத்தபடி. "அவரும் நல்லாத்தான் செய்வாரு."

அவர்கள் போன பிறகு அவள் எழுந்து உட்கார்ந்தாள். ஆரஞ்சுப் பழம் ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

"எனக்கு எப்பத்திலேருந்து இடுப்பு வலி?"

"செவ்வாய்க்கிழமையிலேருந்து" என்றார் அவர்.

"ஏன்?"

"அந்த ஆளு சும்மா சும்மா இங்க வர்றது எனக்குப் பிடிக்கல."

"என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க."

அவரால் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்தார்.

"அவருக்கும் எனக்கும் ஏதாவதுன்னு நீங்க நெஜமாவே நெனைச்சிருந்தா, செவ்வாய்க்கிழமையே கேட்டிருப்பீங்க. குதிச்சிருப்பீங்க. உங்களைத் தெரியாதா எனக்கு? இது வேற."

"வேற என்ன?"

"அதை நீங்கதான் சொல்லணும். நான் ஒரு மாசம் போயிட்டு வந்தா இங்க என்ன கொறைஞ்சு போயிருக்கும்? சாப்பாடா? மக சமைச்சுப் போட்டிருப்பா. கடையா? உங்களுக்குத் தெரியாத கடையா? ஒரு குளம்ங்க. ஒரு முழுக் குளம். விரிசல் விட்ட தொட்டி இல்ல, உடைஞ்ச வாளி இல்ல. இதுவரைக்கும் யாராவது என்னைக் கூப்பிட்டு, உன் இஷ்டத்துக்குச் செய்யின்னு சொன்னாங்களா?"

அவள் உரித்த பழத்தைச் சாப்பிடவும் இல்லை, தரவும் இல்லை. அப்படியே தட்டில் வைத்தாள்.

"சரி. டாக்டர் சொன்னா கேக்கணும். தண்ணில இறங்கக் கூடாது, அவ்வளவுதானே? நான் படுத்துக்கறேன்."

படுத்துக்கொண்டாள்.

விளையாட்டாகச் சொல்கிறாள் என்றுதான் அவர் நினைத்தார். மறுநாளும் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாளும். குளிக்க எழுந்தாள், சாப்பிட எழுந்தாள், மற்ற நேரமெல்லாம் பின்பக்கத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற மகள் காலையில் அவசர அவசரமாகக் கஞ்சி காய்ச்சிவிட்டு அப்பாவைப் பிடித்தாள்.

"அம்மாவுக்கு என்னப்பா?"

"உடம்பு சரியில்ல."

"யாரு சொன்னா?"

"நான்தான்."

"அப்ப நீங்களே குணப்படுத்துங்க. நான் கடைக்குக் கிளம்பறேன்."

தண்ணீர் காத்திருக்காது. ஆகாயத்தாமரை கண்ணுக்கு முன்னாலேயே பெருகியது. இன்று பிடுங்கிய இடத்தை மறுவாரம் வந்து மூடிக்கொண்டது. பனைக்காரர் இறங்கினார். அவர் உயரத்துக்குக் குளம் தொடை வரைதான் வந்தது. அதனால் முழு நேரமும் குனிந்தே நிற்க வேண்டியிருந்தது. சாயந்திரம் ஆகும்போது நிஜமாகவே ஒருவருக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. பனைக்குப் போடுகிற எருக்கலவையைத் தொட்டியில் போட்டார். அத்தனையும் மேலே மிதந்து நாறியது. வாளி வாளியாக அள்ளிக் கொட்டிவிட்டு, வெறும் களிமண்ணைக் குழைத்துப் போட்டு, மேலே சரளைக்கல் பரப்பக் கற்றுக்கொண்டார். காலில் அட்டை கடித்தது. சம்பின் விளிம்பு கையைக் கீறியது.

வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

"தண்ணியம்மா இல்லையா?"

"உடம்பு சரியில்ல."

"ஐயோ பாவம். அப்ப அப்புறமா வர்றோம்."

ஒருவருக்குச் சொன்ன பொய்யை நாற்பது பேருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் ஒன்று. தனியாகக் குனிந்து நிற்கிறபோது கண்ணுக்கு வேறு வேலை இல்லை. கோரையின் தண்டை விரலால் உருட்டினால் மூன்று பட்டை இருக்கிறது. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் அவர் உருட்டிப் பார்த்ததில்லை. வசம்பைக் கசக்கினால் கை ராத்திரி வரை மணக்கிறது. ரிப்பன் புல்லின் பெண்பூ ஒன்று மேலே வந்து மூக்கு நுனியளவு திறந்திருந்தது. தூசி மாதிரி ஆண்பூக்கள் அதைச் சுற்றி நகர்ந்தன. காற்று அடித்தால் விலகின, நின்றால் நெருங்கின. அவர் காலை ஆட்டாமல் நின்று பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தாரோ, பின்கழுத்து வெயிலில் பொரிந்துபோயிற்று. இதையெல்லாம் அவள் தனியாக வைத்துக்கொண்டு தினமும் அனுபவித்திருக்கிறாளே என்று நினைத்தபோது, பழைய புளிப்பு இன்னும் ஒரு மடங்கு கூடிற்று.

அப்போதுதான் அவருக்கு அது விளங்கியது. கண்ணாடி சார் இல்லை, வருகிறவர்களும் இல்லை. அவளுக்குக் கிடைத்த இந்தச் சந்தோஷத்தின் மேல்தான் கண்.

மறுநாள் சட்டை மாற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனார். கண்ணாடிக் கூண்டுக்குள் எதிர்க்கடைக்காரன் முழங்கால் சேற்றோடு நின்று, கல்வாழையையும் சேம்பையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல உயர வாரியாக வரிசை கட்டிக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் இருந்தது. அவள் செய்திருந்தால் இப்படி வரிசை இருந்திருக்காது என்று மட்டும் தோன்றியது.

கண்ணாடி சாரைத் தனியே கூப்பிட்டார்.

"சார், அவளுக்கு ஒண்ணுமில்ல. இடுப்பு வலியே கிடையாது. நான்தான் பொய் சொன்னேன்."

"ஏண்ணே?"

"பொறாமை."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் சிவந்தது. "என்னை வெச்சா?"

"சேச்சே, இல்ல சார். அவ மேலதான். அவளைக் கூப்பிட்டீங்க, என்னைக் கூப்பிடல."

சார் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "குளம் முடியப் போகுதுண்ணே. அவரைப் பாதியில நிறுத்த முடியாது" என்றார்.

"தெரியும். அதுக்கு வரல. உங்ககிட்ட சொன்ன பொய்யை உங்ககிட்டயே திருப்பி எடுத்துக்கணும், அவ்வளவுதான்."

வீடு திரும்பியபோது மத்தியானம். வானம் மூடிக்கொண்டு புழுங்கியது. அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவர் தரையில் உட்கார்ந்தார்.

"கல்லூரிக்குப் போயிருந்தேன்."

அவள் திரும்பவில்லை.

"நான் சொன்னது பொய்னு சொல்லிட்டேன்."

"யாருகிட்ட?"

"அவருகிட்டயே."

"ஏன் பொய் சொன்னேன்னு கேட்டிருப்பாரே?"

"கேட்டாரு. பொறாமைன்னேன்."

அவள் திரும்பினாள். "யாரு மேல?"

"உன் மேல."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை அவர் சுவரைத் தேடவில்லை.

"குளம் போனது போனதுதான்" என்றாள்.

"ஆமா. போனதுதான்."

"நான் மறக்க மாட்டேன்."

"வேணாம்."

சற்று நேரம் கழித்து அவள் எழுந்து, கொண்டையை முடிந்துகொண்டு, பின்பக்கம் நடந்தாள். அவர் இரண்டடி தள்ளிப் பின்னால் போனார். ஒவ்வொரு தொட்டியாக நின்றாள். "இதை யாரு இவ்வளவு ஆழத்துல நடச் சொன்னது? மூச்சு முட்டிப் போயிருக்கு." "வசம்பைப் போய் வெயில்ல காய விட்டிருக்கீங்களே." "சரளை பரவால்ல." அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். திட்டுகிறாள் என்பதே போதுமாக இருந்தது.

ஒரு தொட்டி குறைந்தது. தேடினாள். அது முன்பக்கம், கமுகுகளின் நிழலில் இருந்தது. அவளே குட்டிச் சேம்பு என்று பெயர் வைத்த செடி. ஓடையிலிருந்து கொண்டுவந்தது, பழுப்பு நிறத்தில் நெளிநெளியான இலை. எத்தனையோ வருஷமாக மண் மாற்றி, தண்ணீர் மாற்றிப் பார்த்தும் அவளிடம் ஒருமுறைகூடப் பூத்ததில்லை.

"இதை யாரு இங்க கொண்டாந்தது?"

"நான்தான். வெயில்ல குனிய முடியல. நெழலுக்கு இழுத்துட்டு வந்தேன்."

"தண்ணி வத்திக் கெடக்கு."

"ஊத்த மறந்துட்டேன்."

அவள் குந்தி உட்கார்ந்து இலையை விலக்கினாள். சேற்றிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு குழல் எழுந்து, நுனியில் முறுக்கிக்கொண்டு, கருஞ்சிவப்பாகத் திறந்திருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

"தானா வந்திருக்கும்" என்றாள், நிமிராமல், சற்று அவசரமாக. "இது பூக்கற வருஷம். எங்க வெச்சிருந்தாலும் பூத்திருக்கும்."

அந்தக் குரல் அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல். எவ்வளவோ நாளாக அவருடைய சொந்த நெஞ்சுக்குள் அதைக் கேட்டிருக்கிறார்.

"ஆமாமா. எங்க வெச்சிருந்தாலும் பூத்திருக்கும்."

"சிரிக்காதீங்க."

"சிரிக்கலையே."

"உள்ளுக்குள்ள சிரிக்கறீங்க. பிடிங்க அந்தப் பக்கம், பின்னாடி கொண்டு போயிடலாம்."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். பூ லேசாக ஆடியது. இரண்டடி நகர்ந்ததும் அவள் நின்றாள். பூவைப் பார்த்தாள், மேலே கமுகு இலைகளைப் பார்த்தாள், தொட்டியை இறக்கச் சொல்லி அது இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கச் செய்தாள். வாசலில் ஏதோ வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவள் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"யாராவது கேட்டா நான் வெச்சதுன்னு சொல்லுங்க" என்றாள்.